லேண்ட்லைன் எண்ணை விடாமல் ஃபைபருக்கு மாறுவது எப்படி? சென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மழைக்காலம் வந்தால் உங்கள் வீட்டு லேண்ட்லைன் கொரகொரவென்று இரைகிறதா? பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகிறதா? அந்தச் செம்பு ஒயரைச் சரிசெய்யச் சொல்லி இனியும் அலைவதைவிட ஃபைபருக்கு மாறிவிடுவது நல்லது. சென்னையில் பெரும்பாலான பகுதிகளில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஃபைபர் வந்துவிட்டது. மாற்றுவதும் பெரிய வேலையில்லை. ஆனால் அவசரமாக மாறிய வீடுகளில் இரண்டு விஷயங்கள் கைநழுவிப் போகின்றன. ஒன்று, முப்பது நாற்பது வருஷமாக எல்லோருக்கும் தெரிந்திருந்த எண். இன்னொன்று, கரண்ட் போனாலும் கேட்டுக்கொண்டிருந்த டயல் டோன். இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு மாறுவது எப்படி என்று பார்ப்போம். வயதான அப்பா அம்மா தனியாக இருக்கும் வீடு என்றால் எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள்.

செம்புக்கும் ஃபைபருக்கும் என்ன வித்தியாசம்

செம்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து தனியாக ஒரு ஜோடிக் கம்பி வருகிறது. மாம்பலமோ மயிலாப்பூரோ, எக்ஸ்சேஞ்சிலிருந்து நூற்றுக்கணக்கான ஜோடிகள் கொண்ட தடித்த கேபிள் தரைக்கடியில் புறப்படும். தெருமுனையில் நிற்கும் இரும்புப் பெட்டியில் அது பிரியும். அடுத்து, பக்கத்து வீடுகளுக்கு ஜோடிகளைப் பிரித்துத் தரும் சின்ன டிபி பாக்ஸ், அதற்கடுத்து உங்கள் வாசல். வழி நெடுக ஜாயின்ட்கள். அதில் ஒன்றில் தண்ணீர் இறங்கினாலும் இரண்டு கம்பிக்கும் நடுவே மின்சாரம் கசியும். காதில் விழும் இரைச்சல் அதுதான். மழைநீர் வடிகாலுக்கும் மெட்ரோவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மாறி மாறித் தோண்டும் ஊரில் இந்தக் கேபிள் அறுபட்டால், ஒவ்வொரு ஜோடியாகத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று அடி மேல் அடி வேறு. இன்டர்நெட்டும் அப்படித்தான். செம்புக் கம்பியில் இன்டர்நெட் தரும் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையில் அதிகபட்சமே 24 எம்பிபிஎஸ். எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதில் சிறு பங்குதான் வந்து சேரும்.

ஃபைபரில் வருவது வெளிச்சம். கண்ணாடி இழைக்குள் தண்ணீரால் மின்கசிவு ஏற்பட வழியில்லை. எக்ஸ்சேஞ்சில் அல்லது கேபிள்காரரின் அலுவலகத்தில் ஓஎல்டி என்று ஒரு கருவி இருக்கும். அங்கிருந்து வரும் ஓர் இழையை நடுவில் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருவார்கள். அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. உங்கள் வீட்டில் அந்த வெளிச்சத்தை வாங்கி இன்டர்நெட்டாகவும் குரலாகவும் மாற்றித் தரும் பெட்டிதான் ஓஎன்டி. பலரும் மோடம் என்று சொல்வது இதைத்தான்.

முதல் வேலை: பில் யார் பேரில் இருக்கிறது?

அலமாரியில் இருக்கும் கடைசி பில்லை எடுத்துப் பாருங்கள். சென்னையில் பழைய லேண்ட்லைன்கள் ஏராளமானவை காலமான அப்பா பேரிலோ தாத்தா பேரிலோதான் இன்னும் இருக்கின்றன. மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். ஃபைபருக்கு மாற்றப் போகும்போது புதிதாக அடையாள ஆவணம் கேட்பார்கள், அங்கேதான் சிக்கும். அதனால் முதலில் பெயர் மாற்றம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், உங்கள் ஆதார், புகைப்படம், கடைசி பில் நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போங்கள். அண்ணன் தம்பி வெளிநாட்டில் இருந்தால் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்தக் காகிதம்தான்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய கனெக்‌ஷன் வாங்கும்போது கட்டிய டெபாசிட் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் திரும்ப வரும்.

பில் கையில் இருக்கும்போதே பாக்கி ஏதும் உண்டா என்று பார்த்து அடைத்துவிடுங்கள். அந்த எண்ணை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் ஒரு தாளில் எழுதுங்கள்: பேங்க், கேஸ் ஏஜென்சி, இன்ஷூரன்ஸ், டாக்டர், அப்பாவின் பென்ஷன் அலுவலகம். எண் மாறாது என்றாலும், மாற்றும் நேரத்தில் ஓரிரு நாள் லைன் இல்லாமல் போகலாம்.

யாரிடம் வாங்குவது?

இந்தக் கேள்விக்குப் பதில் எண்ணில் இருக்கிறது. மொபைலில் நிறுவனம் மாறினாலும் எண்ணைக் கூடவே எடுத்துப் போகலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி இந்தியாவில் கிடையாது. உங்கள் எட்டு இலக்க எண் 2-ல் தொடங்கினால் அது பிஎஸ்என்எல் எண். அந்த எண் வேண்டுமென்றால் பிஎஸ்என்எல் ஃபைபருக்குத்தான் மாற முடியும். 4-ல் தொடங்கினால் ஏர்டெல், அங்கேயும் இதே கதைதான். ஏர்டெல், ஜியோ, ஆக்ட் என்று வேறு இடம் போனால் நல்ல வேகம் கிடைக்கலாம், ஆனால் பழைய எண் கூட வராது.

எண் முக்கியமில்லை என்பவர்கள் தெருவில் யார் சர்வீஸ் நன்றாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து முடிவு செய்யுங்கள். எண்ணும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் இரண்டு கனெக்‌ஷன் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. குரலுக்குக் குறைந்த பிளானில் ஒன்று, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு வேறு நிறுவனத்தில் ஒன்று. ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும்.

பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல தெருக்களில் உள்ளூர் கேபிள்காரரே பங்குதாரராக இருந்து கொண்டுவருகிறார். பில் பிஎஸ்என்எல்லுடையது, ஒயரும் பராமரிப்பும் அவருடையது. ஆகவே அவரிடம் நேரில் பேசுங்கள். கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று: “அண்ணே, ஓஎல்டி எங்கே வெச்சிருக்கீங்க, கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?” உங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும், அந்த முனையில் கரண்ட் இல்லையென்றால் லைன் இல்லை. எக்ஸ்சேஞ்சிலேயே ஓஎல்டி இருந்தால் அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். தனியார் ஆபீஸ் அறையில் இருந்தால் அவர் சொல்லும் பதிலை வைத்து எடைபோடுங்கள்.

விண்ணப்பத்தில் ஒரு வரி

எண் தொலைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். புதிய ஃபைபர் கனெக்‌ஷன் என்று விண்ணப்பித்தால் புதிய எண்தான் வரும். “என்னுடைய 044-2xxx xxxx எண்ணில் இருக்கும் லேண்ட்லைனை, அதே எண்ணோடு ஃபைபருக்கு மாற்றித் தரவும்” என்று தெளிவாக எழுதிக் கொடுத்து, ரசீதிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள்காரர் தன் மொபைலிலேயே பதிந்துவிடுகிறேன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பாருங்கள்.

ஃபைபரில் குரல் வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை செம்பு லைனை நீங்களாகச் சரண்டர் செய்யாதீர்கள். சரண்டர் செய்துவிட்டால் எண்ணைத் திரும்பப் பெற நாயாய்ப் பேயாய் அலைய வேண்டிவரும். அதே எண்ணில் மாற்றும்போது பழையது தானாகவே மூடப்படும்.

பிளான் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஓஎன்டி பெட்டி சொந்தமா வாடகையா, இன்ஸ்டலேஷன் கட்டணம் உண்டா, டேட்டா வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும், இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

பெட்டி எங்கே வைப்பது?

ஆள் வருவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒயர் எங்கே நுழைகிறதோ, அந்த மூலையிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஹாலில், வீட்டின் நடுவாக, ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் வைஃபை எல்லா அறைக்கும் ஓரளவு எட்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சுவர் தடிமன் அதிகம். அங்கே பின்கட்டு வரை ஒரு லேன் கேபிள் இழுத்து இன்னொரு ரூட்டர் வைப்பதுதான் உருப்படியான வழி. பக்கத்தில் பிளக் பாயிண்ட் வேண்டும், அதுவும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்ட்.

அடுக்குமாடி என்றால் அசோசியேஷனில் முன்கூட்டியே சொல்லி, எந்த ஷாஃப்ட் வழியாக ஒயர் வரும் என்று கேட்டு வையுங்கள். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட ஓனரிடம் ஒரு வார்த்தை.

மாட்டும் நாள்

வேலை தரமாக நடக்கிறதா என்று உடன் நின்று பார்க்க வேண்டிய நாள் இது. போஸ்டிலிருந்து வரும் கறுப்பு நிற டிராப் கேபிளைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரான், அதில் வெளிச்சம் போகும் மையப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். அதனால் மடிப்பு ஆகாது. மூலையில் திருப்பும்போது வளைவாகத் திருப்ப வேண்டும், செம்பு ஒயர்போல முட்டியில் மடித்து ஆணி அடிக்கக் கூடாது. உள்ளே நுழையும் துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும். துளைக்கு முன்னால் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறி நுழைந்தால், வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வீட்டுக்குள் வராது. ஓரிரு மீட்டர் ஒயரைப் பெரிய வளையமாகச் சுற்றி விட்டுவைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அணில் கடித்துவிட்டால் முனையை வெட்டி மறுபடி சேர்க்க அது உதவும்.

அடுத்தது ஸ்ப்ளைசிங், அதாவது இழையின் முனையை இணைப்பது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஃபாஸ்ட் கனெக்டர் என்று ஒன்றை முனையில் கையால் மாட்டிவிடுவது சுலபம், சீக்கிரம் முடியும். ஆனால் அதில் வெளிச்சம் கூடுதலாக இழப்பாகும், நாளடைவில் இளகவும் செய்யும். மெஷின் வைத்துச் சேர்ப்பதுதான் நல்லது, அதைக் கேட்டு வாங்குங்கள். லைன்மேன் இழையின் மேல்தோலை உரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, கிளீவரில் வைத்து டக்கென்று வெட்டுவார். இரண்டு முனைகளையும் மெஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினால், தலைமுடி போன்ற அந்த இழைகள் குட்டித் திரையில் இரண்டு தூண்கள் மாதிரிப் பெரிதாகத் தெரியும். ஒரு கணம் மின்பொறி பளிச்சிடும், இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். ஜாயின்ட்டில் எவ்வளவு இழப்பு என்ற மதிப்பீடு திரையிலேயே வரும். 0.05 டெசிபலுக்குள் இருந்தால் அருமையான வேலை. வெட்டி விழும் கண்ணாடித் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காலில் ஏறினால் பாடாய்ப் படுத்தும். தரையில் விழாமல் ஒரு டேப்பில் ஒட்டி எடுத்துப் போகச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடவேண்டாம். வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கும் இழையின் முனைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத வகை.

கடைசியில் பவர் மீட்டரை மாட்டி, வெளிச்சம் எவ்வளவு வந்து சேர்கிறது என்ற அளவைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்று ஓடினாலும், நாளைக்கு ஒரு ஜாயின்ட்டில் அழுக்கு சேர்ந்தால் நின்றுவிடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறது. மோசமாக இருந்தால் அப்போதே ஜாயின்ட்டை மறுபடி போடச் சொல்வது உங்கள் உரிமை. அளவைப் பெட்டியின் அடியில் தேதியோடு எழுதி ஒட்டி வையுங்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது, “மாட்டும்போது மைனஸ் 19 இருந்தது” என்று சொன்னால் எதிர்ப்பக்கம் வேலை வேகமாக நடக்கும்.

பழைய டெலிபோனை மாட்டுவது

பழைய டெலிபோனைத் தூக்கிப் போட வேண்டாம். ஓஎன்டியின் பின்பக்கம் லேன் துளையைவிடச் சின்னதாக ஒரு ஃபோன் துளை இருக்கும், ‘டெல்’ அல்லது ‘பாட்ஸ்’ என்று போட்டிருக்கும். பழைய ஒயரை அதில் குத்தினால் போதும், பட்டன் போனோ கார்ட்லெஸ்ஸோ வழக்கம்போல வேலை செய்யும். எண்ணைச் சுழற்றி டயல் செய்யும் பழைய கறுப்பு போன் மட்டும் தகராறு செய்யும். மணி அடிக்கும், பேசலாம், ஆனால் அந்தச் சுழற்சித் துடிப்பைப் பல ஓஎன்டிகள் புரிந்துகொள்ளாது. உள்ளே வரும் அழைப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஹாலில் ஒன்று, மாடி அறையில் ஒன்று என்று இரண்டு போன் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள் ஓடும் பழைய ஒயரிங்கையே பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன், வெளியிலிருந்து வரும் செம்பு ஜோடியை, அது சுவரில் வந்து சேரும் சின்னப் பெட்டியான ரோசட் பாக்ஸில் கழற்றிவிட வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் அந்தக் கம்பியில் எப்போதும் 48 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும், மணியடிக்கும்போது அது இன்னும் கூடும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஓஎன்டியின் ஃபோன் துளை எரிந்துபோகலாம். வெளிக்கம்பியைக் கழற்றி முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றியபிறகுதான் ஓஎன்டியை அந்த ஒயரிங்கில் கொடுக்க வேண்டும். தெரியாதவர்கள் லைன்மேனையே செய்யச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்?

செம்பு லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே வந்தது. அதனால்தான் தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் லேண்ட்லைனில் பேச முடிந்தது. கண்ணாடி இழை மின்சாரம் கொண்டுவராது. ஓஎன்டிக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் வேண்டும், அது நின்றால் டயல் டோனும் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் பாதுகாப்புக்காக மின்வாரியமே சப்ளையை நிறுத்துகிற ஊர் இது. மொபைல் டவர்களும் பேட்டரி தீர்ந்து அடங்கும் நேரத்தில்தான் அம்மாவுக்கு போன் வேலை செய்ய வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் உள்ள பிளக்கில் மாட்டுவதோடு வேலை முடிந்தது. இல்லாதவர்கள் ரூட்டருக்கென்றே கிடைக்கும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை கிடைக்கும். வாங்கப் போகும்போது ஓஎன்டி அடாப்டரில் எழுதியிருப்பதை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆம்பியர் 1 அல்லது 1.5. வோல்ட் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னின் அளவையும் மாட்டிப் பாருங்கள். நல்ல மினி யுபிஎஸ் சில மணிநேரம் தாங்கும், நாள் கணக்கில் தாங்காது. புயல் சமயத்தில் வைஃபையை அணைத்துவிட்டுக் குரலுக்கு மட்டும் பெட்டியை வைத்துக்கொண்டால் பேட்டரி இன்னும் கொஞ்சம் வரும். கார்ட்லெஸ் போனின் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதால், சுருள் ஒயர் வைத்த சாதாரண போன் ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள்.

லைன்மேனை அனுப்புவதற்கு முன்

உங்கள் மொபைலிலிருந்து பழைய எண்ணுக்கு அடித்துப் பாருங்கள். மணி அடிக்கிறதா, இரண்டு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்கிறதா, காலர் ஐடி வருகிறதா? அப்புறம் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்கும் முன்னால் 0 சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். ஸ்பீட் டயலில் பழைய எண்கள் இருந்தால் 0 சேர்த்து மாற்றிக்கொடுங்கள், பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. பிறகு மெயினை அணைத்து யுபிஎஸ்ஸில் டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். வேகத்தை லேன் கேபிளில் ஒரு முறை, வைஃபையில் ஒரு முறை பாருங்கள். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால் குறை லைனில் இல்லை, பெட்டி வைத்த இடத்தில்.

பெட்டியின் விளக்குகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘பான்’ விளக்கு அசையாமல் பச்சையாக இருந்தால் லைன் சரி. ‘எல்ஓஎஸ்’ சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வரவில்லை, இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அப்போது பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, நேராகப் புகார் கொடுங்கள். சிவப்பு இல்லை, ஆனால் டயல் டோனும் இல்லை என்றால் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் குரல் செட்டிங் விட்டுப்போயிருக்கும். “இன்டர்நெட் வருது, வாய்ஸ் வரல” என்று பிரித்துச் சொன்னால் சரியான ஆள் வருவார்.

புகார் கொடுத்தால் புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு எழுதினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், தனிநபர் புகார்களை ட்ராய் விசாரிப்பதில்லை.

முதல் ஃபைபர் பில் வந்ததும் பழைய லேண்ட்லைன், பிராட்பேண்ட் வாடகை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பழைய மோடம் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். செம்பு லைனுக்குக் கட்டிய டெபாசிட்டைப் புதுக் கணக்கில் சேர்த்தார்களா, திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர்களின் பணம் அங்கேயே கிடக்கும்.